படுதலும் நிலையும்

1

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலைப் பற்றி நம்மிடையே நடந்திருக்கும் பேச்சில் பெரும்பகுதி ஒரே கேள்வியைச் சுற்றியது. பரதரிடமிருந்து தொல்காப்பியர் எடுத்துக்கொண்டாரா, தமிழிலிருந்து பரதர் எடுத்துக்கொண்டாரா? நாட்டிய சாஸ்திரத்தின் எட்டு ஸ்தாயி பாவங்களுக்கு நேராக இங்கே எட்டு மெய்ப்பாடுகள் நிற்பதைக் கண்டதும் ஒரு சாரார் கடன் பத்திரத்தை நீட்டுகிறார்கள். மறு சாரார் அதே பத்திரத்தைப் பெயர் மாற்றித் திருப்பி நீட்டுகிறார்கள். இரு தரப்புக்கும் வேண்டியது கால முன்மைதான். இரண்டு நூல்களின் காலமும் இந்த வழக்கைத் தீர்த்துவைக்கும் அளவுக்குத் துல்லியமாக நிறுவப்படவில்லை. எனவே வழக்கை ஒதுக்கிவிட்டு, இரு தரப்பாரும் பார்க்காமல் தாண்டிப்போகிற ஒன்றை, அதாவது அந்தப் பட்டியல்களில் உள்ள வார்த்தைகளை, பார்க்கலாம் என்று எனக்குப் படுகிறது.

வந்து போகும் ஒன்றுக்குப் பெயர் வைப்பது சுலபமான காரியமல்ல. மலைக்கும் மரத்துக்கும் பெயர் வைத்துவிடலாம். அவை அங்கேயே இருக்கின்றன. ஒரு கண நடுக்கம், பிற்பகலின் சோம்பல், காரணம் தெரியாத ஒரு பெருமூச்சு, இவை பெயர் வைக்கும் முன்பே போய்விடுகின்றன. பெயர் வைத்த பிறகோ வேறு ஆபத்து. பெயர் நிற்கிறது, ஆகவே பெயரிடப்பட்டதும் நிற்பதாக ஒரு மயக்கம் ஏற்பட்டுவிடுகிறது. தமிழில் இந்த மயக்கத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது.

எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி முடித்த பின் தொல்காப்பியர் வேறு முப்பத்திரண்டைத் தருகிறார். பாடத்திட்டத்தில் எட்டோடு நின்றுவிடுவதால் இந்த முப்பத்திரண்டு பலருக்கும் அறிமுகமில்லை. இதில் ஐயம் இருக்கிறது, வியர்வை இருக்கிறது. ஆராய்ச்சி இருக்கிறது, தூக்கம் இருக்கிறது. பொறாமை, கனவு, நாணம், நடுக்கம், மறதி, அவசரம், வாய்விட்டு அரற்றுவது, பெருமூச்சு, செயலற்றுப் போவது, ஒன்றை உடையவனாக இருப்பதன் திருப்தி, எல்லாம் ஒரே வரிசையில் நிற்கின்றன. நாம் இன்று மனம் என்றும் உடம்பு என்றும் அறிவு என்றும் ஒழுக்கம் என்றும் நான்கு அலமாரிகளில் வைக்கும் சாமான்கள் இங்கே ஒரே தரையில் பரப்பிக் கிடக்கின்றன. இதை ஒழுங்கின்மை என்று சொல்லிவிடலாம். என் அபிப்பிராயம் வேறு. இவை அனைத்துக்கும் பொதுவான ஒன்று அந்தத் தலைப்பிலேயே இருக்கிறது. மெய் என்றால் உடம்பு. பாடு, 'படு' என்ற வினையிலிருந்து வந்தது. உடம்பின் மேல் படுவது, உடம்பில் தோன்றிப் புலப்படுவது. ஐயமும் ஒருவன் மேல் படுகிறது, வியர்வையும் படுகிறது. இந்த அளவில் அவற்றுக்குள் வித்தியாசமில்லை.

2

நாட்டிய சாஸ்திரத்தோடு வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பரதரின் கணக்கு நாற்பத்தொன்பது. எட்டு ஸ்தாயி, முப்பத்துமூன்று வியபிசாரி, எட்டு சாத்விகம். வியபிசாரி என்பதற்கு அலைந்து திரிவது என்று பொருள் கொள்ளலாம். சஞ்சாரி என்றும் சொல்வார்கள். களைப்பு, சோம்பல், கவலை, நினைவு, மதம், வெட்கம், தூக்கம், விழிப்பு, நோய், பைத்தியம், வலிப்பு முதலியவை அதில் அடங்கும். மரணமும் இருக்கிறது. வந்து போகும் நிலைகளின் பட்டியலில் சாவையும் சேர்த்த துணிச்சல் வியக்கத்தக்கது. நாடக மேடையில் செத்தவன் எழுந்து போய்விடுகிறான் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். தொல்காப்பியத்தின் முப்பத்திரண்டில் சாவு இல்லை. துஞ்சல் இருக்கிறது. அது அங்கே உறக்கம். ஆனால் அதே சொல்தான் புறநானூற்றுக் கொளுக்களில் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன் என்று மன்னர்களின் சாவைச் சுமக்கிறது. போய்த் திரும்பும் ஒன்றின் பெயரைப் போய்த் திரும்பாத ஒன்றுக்குக் கொடுத்தார்கள்.

ஆகப் பரதரும் மனத்தையும் உடலையும் வெட்டிப் பிரித்தவர் அல்ல. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. பரதரின் அமைப்பு ஓர் அரசவை. மனிதர்களுக்குள் அரசன்போல, சிஷ்யர்களுக்குள் குருபோல, பாவங்களுக்குள் ஸ்தாயி என்று அவரே உவமை சொல்கிறார். முப்பத்துமூன்றும் பரிவாரம். அரசனின் பெருமைக்காக வந்து, அரசனின் பெருமையில் கரைந்து போகின்றன. கண்ணீர், வியர்வை, நடுக்கம், மயிர்க்கூச்செறிதல் ஆகியவை சாத்விகம் என்ற தனி வரிசையில் நிற்கின்றன. மூன்று படிகள், ஒவ்வொருவருக்கும் அவரவர் இடம். ரசம் என்ற ஒன்று விளைய வேண்டும் என்பதற்காக அமைந்த ஏற்பாடு இது. அந்தக் காரியத்துக்கு அது சரியான ஏற்பாடும்கூட.

மெய்ப்பாட்டியலில் வியர்வையும் நடுக்கமும் தனி வரிசையில் இல்லை, முப்பத்திரண்டுக்குள்ளேயே இருக்கின்றன. அழுகை இன்னும் மேலே, எட்டில் ஒன்றாகவே இருக்கிறது. அங்கே சோகம், இங்கே அழுகை. துயரத்தை உள்ளே வைத்து, அழுகையை அதன் அடையாளமாக வெளியே நிறுத்தும் பிரிவு இங்கே நிகழவே இல்லை. அதோடு, முப்பத்திரண்டு எட்டுக்கு வேலைக்காரர்களும் அல்ல. எட்டும் ஒருபுறம் இருக்க இவை மறுபுறம் என்றும், அந்த எட்டில் அடங்காத இடத்தில் இவையும் மெய்ப்பாடுகளே என்றும் சூத்திரம் அவற்றுக்குத் தனி இருப்பைக் கொடுத்துவிடுகிறது. ஒரு தூக்கம், எந்த மகத்தான உணர்ச்சிக்கும் துணை செய்யாமல், தூக்கமாகவே கவிதைக்குள் வரலாம்.

எட்டின் காரணங்களைப் பார்த்தாலும் இதே பார்வைதான். அச்சத்துக்குக் கள்வரும் விலங்கும் அணங்கும் அரசனும் காரணம். அழுகைக்கான காரணங்களில் வறுமை ஒன்று. இளிவரல் என்பதைப் பலர் ஜுகுப்ஸைக்கு, அருவருப்புக்குச் சமமாக வைக்கிறார்கள். ஆனால் அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் நோய், முதுமை, வருத்தம், மென்மை. பார்க்கும் பொருள் அசிங்கமாக இருப்பதால் வருவதல்ல இது. முதுமையில், நோயில், ஏழ்மையில் தன்னைத் தானே சிறுத்துப் பார்க்க நேர்வது. அருவருப்பு வெளியே பாய்கிறது. இளிவரல் தன்மேல் வந்து படுகிறது. இரண்டையும் ஒன்றாக்கினால் தமிழில் ஓர் அனுபவம் தொலைந்து போகிறது. அது தொலைந்தும் போயிற்று என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இன்னொன்று. முப்பத்திரண்டோடு நிறுத்தாமல், காதல் அரும்பும் படிகளைத் தொல்காப்பியர் வரிசைப்படுத்துகிறார். அங்கே உணர்ச்சிப் பெயரே இல்லை. நெற்றி வியர்க்கிறது. சிரிப்பு வருகிறது, அவள் மறைக்கிறாள். கூந்தல் அவிழ்கிறது. காதில் ஓர் அணி நழுவுகிறது. போட்டிருக்கும் நகையைக் கை தடவிப் பார்க்கிறது. கட்டிய உடையை மறுபடி சரி செய்கிறாள். இவற்றுக்குப் பின்னால் இருக்கும் மனத்துக்கு என்ன பெயர் என்று அவர் சொல்வதில்லை. எலியட் 1919இல் ஹாம்லெட் பற்றிய கட்டுரையில் உணர்ச்சிக்கு ஈடான புறப்பொருளைத் தேடினார். உணர்ச்சி ஓரிடத்திலும் அதற்கு ஈடு இன்னோரிடத்திலும் இருப்பதாக வைத்துக்கொண்டுதான் அந்தத் தேடல் தொடங்க முடியும். இங்கே ஈடு என்ற பேச்சுக்கு இடமில்லை. நழுவிய காதணிதான் அந்தக் கணம். இதை அறிவது, கண்ணாலும் காதாலும் கூர்ந்து உணரும் நல்லறிவு உடையோர்க்கு அல்லாமல் மற்றவர்க்கு அரிது என்று அந்த இயல் முடிகிறது. விமர்சகனின் தகுதியைப் பற்றித் தமிழில் சொல்லப்பட்ட மிகப் பழைய கருத்துகளில் இது ஒன்றாக இருக்க வேண்டும்.

3

இந்த வார்த்தைகளுக்குப் பின்னால் என்ன நேர்ந்தது?

முதலில் ஒழுக்கம் வந்தது. திருக்குறளின் அதிகாரத் தலைப்புகளை மெய்ப்பாட்டியல் பட்டியலோடு சேர்த்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். அங்கே வெகுளி, இங்கே 31ஆம் அதிகாரம் வெகுளாமை. அங்கே பொச்சாப்பு, இங்கே 54ஆம் அதிகாரம் பொச்சாவாமை. மடிமை, 61இல் மடியின்மை ஆகிறது. இடுக்கண், 63இல் இடுக்கண் அழியாமை. வந்து போவது என்ற பட்டியலில் இருந்தவை வரக்கூடாதவை என்ற பட்டியலுக்கு மாறிவிட்டன. எதிர்மறை விகுதி காவலாள் போல ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் நிற்கிறது. அறத்துப்பாலும் பொருட்பாலும் இப்படி என்றால், அதே நூலின் காமத்துப்பால் வேறு சட்டத்தில் இயங்குகிறது. 118 கண் விதுப்பழிதல், 119 பசப்புறு பருவரல், 122 கனவுநிலை உரைத்தல், 124 உறுப்புநலன் அழிதல், 126 நிறையழிதல். அங்கே அழியாமை, இங்கே அழிதல். நிறையை இழப்பது அங்கே குற்றம். இங்கே கவிதையின் பொருள். ஒரே புத்தகத்துக்குள் இந்த இரண்டும் சமாதானமாக இருக்கின்றன என்பதே பெரிய விஷயம். பசப்பு என்ற வார்த்தையை இன்று எந்த அலமாரியில் வைப்பது? தோலின் நிறம் அது, பிரிவின் துயரமும் அதுவே. நம்மிடம் இன்று அதற்கு ஈடான ஒரு வார்த்தை இல்லை.

வைத்திய நூல்களின் பக்கம் போனால் இன்னொரு வெட்டு தெரிகிறது. சரக சம்ஹிதையின் சூத்திர ஸ்தானம் ஏழாம் அத்தியாயம் அடக்கக் கூடாத வேகங்கள் பதின்மூன்றைச் சொல்கிறது: பசி, தாகம், தும்மல், கொட்டாவி, தூக்கம், கண்ணீர் முதலியவை. அடக்கியே தீர வேண்டிய வேகங்களையும் அதே அத்தியாயம் சொல்கிறது: பேராசை, சோகம், பயம், கோபம், கர்வம் முதலியவை. சோகத்தை அடக்க வேண்டும். கண்ணீரை அடக்கக் கூடாது. இந்த இரண்டு கட்டளைகளையும் ஒரே மனிதன் ஒரே மாலையில் எப்படி நிறைவேற்றுவான் என்பது யோசிக்க வேண்டிய பிரச்சினை. மனத்துக்கும் உடம்புக்கும் நடுவே கோடு கிழிக்கப்பட்டாயிற்று. கோடு கண்ணீரின் மேலேயே விழுந்திருக்கிறது. சித்த வைத்தியத்தில் வேகங்கள் பதினான்கு. அங்கேயும் கண்ணீர் உண்டு, தும்மலுக்கும் இருமலுக்கும் பக்கத்தில். தடுத்தால் நோய் என்பதே அதன் போதனை. வருவதை வரவிட்டுப் போகவிட வேண்டும் என்ற பழைய அறிவை வைத்தியம் இந்த அளவுக்காவது காப்பாற்றி வைத்திருக்கிறது.

மூன்றாவது, இலக்கணக்காரர்களும் உரைகாரர்களும். இளம்பூரணரும் பேராசிரியரும் மெய்ப்பாட்டை விளக்கும்போது நான்கு படிகள் வைக்கிறார்கள். சுவைக்கப்படும் பொருள், அதைச் சுவைத்த உணர்வு, உள்ளத்தில் எழும் குறிப்பு, உடம்பில் தோன்றும் விறல். வடமொழியில் சத்துவம் என்பதையே விறல் என்கிறார்கள். கூத்து நூல்களின் பழக்கம் இது. இன்று கிடைக்காத செயிற்றியத்தை இளம்பூரணர் இங்கே மேற்கோள் காட்டுகிறார். இவர்கள் இல்லையென்றால் சூத்திரங்கள் நமக்குத் திறந்திருக்காது, அதை மறுப்பதற்கில்லை. ஆனாலும் ஒரே தரையில் கிடந்தவை மாடிக்குப் போனது இந்த உரைகளில்தான். பொருள் முதல் படி, உடம்பு கடைசிப் படி. உடம்பு, உள்ளே நடந்ததற்குச் சாட்சி சொல்ல வந்த ஆளாகிவிட்டது.

தண்டியலங்காரத்துக்கு வரும்போது பெயர்களே மாறிவிட்டன. அங்கே சுவை ஓர் அணி. எட்டுச் சுவைகள் உண்டு. பெருமிதம் இருந்த இடத்தில் வீரம். வெகுளி இருந்த இடத்தில் உருத்திரம். மருட்கை போய் வியப்பு. உவகை போய்க் காமம். அழுகை போய் அவலம். இளிவரல் போய் இழிப்பு. நகையும் அச்சமும் மட்டும் தப்பின. இதை வெறும் பெயர் மாற்றம் என்று விட்டுவிட முடியாது. அழுகை ஒரு நிகழ்ச்சி. தொடங்கும், முடியும், முகம் கழுவிக்கொண்டு எழுந்திருக்கலாம். அவலம் ஒரு பொருள், அதற்குத் தொடக்கமும் முடிவும் இல்லை. கல்வியும் கொடையும் புகழும்கூடப் பெருமிதத்துக்குக் காரணமாயிருந்தன; வீரத்தில் போர்க்களம் மட்டும் மிஞ்சுகிறது. செல்வமும் விளையாட்டும் உவகைக்குள் இருந்தன. காமத்தில் அவற்றுக்கு இடமில்லை. இளிவரல், நான் முன்பு சொன்ன அந்தச் சிறுத்துப்போதல், இழிப்பில் அடியோடு மறைந்தது. தன்மேல் பட்ட ஒன்று பிறர்மேல் எறியும் ஒன்றாயிற்று. கவிதைக்குள் வந்து போய்க்கொண்டிருந்தவை கவிதைக்குச் சூட்டும் ஆபரணமாகிவிட்டன.

4

பின்னால் வந்த வடசொற்களின் கதையும் இதையே இன்னொரு பக்கத்திலிருந்து காட்டுகிறது. அவஸ்தை என்ற வார்த்தையை எடுத்துக்கொள்ளலாம். சம்ஸ்கிருதத்தில் அதற்கு நிலை என்றுதான் அர்த்தம். நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை. 'நில்' என்பதிலிருந்து நிலை வந்ததைப் போல நிற்றலைக் குறிக்கும் தாதுவிலிருந்து அதுவும் வந்தது. சைவ சித்தாந்தம் ஐந்து அவத்தைகளைச் சொல்லும்போது, சாக்கிரம் முதல் துரியாதீதம் வரை, அந்த நடுநிலையான பொருளில்தான் சொல்கிறது. பேச்சுத் தமிழிலோ அவஸ்தை என்றால் துன்பம். பிரசவ அவஸ்தை, பல்வலி அவஸ்தை. மனிதனுக்கு நேரும் நிலைகளில் எது வந்தாலும் அது வேதனை என்று ஜனங்கள் தீர்ப்பளித்துவிட்டார்கள் போலிருக்கிறது. இந்தத் தீர்ப்பில் ஒரு தத்துவம் இருக்கிறது என்றாலும் அதை இங்கே விரிக்கவில்லை. கவனிக்க வேண்டியது, நிலை என்ற பெயராக வந்த சொல்லை அவர்கள் அவஸ்தைப்படு என்று வினையாக்கிக்கொண்டதைத்தான்.

விரக்தி இதற்கு நேர் எதிரான பயணம். பற்று நீங்குவது அது, சாதனையின் பலன். விரக்தன் என்றால் பற்றை வென்றவன். இன்று தமிழில் விரக்தி என்றால் வேலை கிடைக்காதவனின், காதலில் தோற்றவனின் நம்பிக்கையிழப்பு. விரக்தியின் விளிம்பில் நின்று மனிதர்கள் தற்கொலை செய்துகொள்வதாகப் பத்திரிகைகள் எழுதுகின்றன. ஆசைக்கு அப்பால் போனவனைச் சொன்ன வார்த்தை, ஆசை நிறைவேறாதவனைச் சொல்கிறது. வார்த்தைகள் அர்த்தம் மாறுவது இயற்கை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மாறிய அர்த்தத்தோடு பழைய கனமும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. விரக்தி என்று சொல்லிக்கொள்பவனுக்கு, தான் ஒரு முடிவான இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டதாக அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. அலுப்பு என்று சொன்னால் நாளைக்குப் போய்விடலாம். விரக்தி என்று சொன்னால் போகாது.

இந்த இடத்தில் பேச்சுத் தமிழை நாம் மதிப்பதில்லை என்பது எனக்கு வருத்தமான விஷயம். பழைய மொழியில் அஞ்சினாள், நாணினாள், வெகுண்டான், உவந்தான் என்று தனி வினைகள் இருந்தன. அவற்றில் பல வழக்கொழிந்தன. பயம், வெட்கம், கோபம், சந்தோஷம் என்று பெயர்கள் வந்து உட்கார்ந்தன. பெயர் வந்தால் நிலைத்துவிடும் என்று சொன்னேன். ஆனால் பேச்சு அவற்றை நிலைக்கவிடவில்லை. பயப்படு, வெட்கப்படு, கோபப்படு, சந்தோஷப்படு என்று ஒவ்வொன்றின் பின்னாலும் 'படு'வை வைத்துத் தைத்தது. மெய்ப்பாட்டில் இருக்கும் அதே படு. தொல்காப்பியத்தைக் கேள்விப்பட்டிராத வாயில் மெய்ப்பாட்டின் இலக்கணம் ஓடிக்கொண்டிருக்கிறது.

படு மட்டுமல்ல. கோபம் வருகிறது, தூக்கம் வருகிறது, தும்மல் வருகிறது, அழுகை வருகிறது. எனக்கு வருகிறது. நான்காம் வேற்றுமையில் நான் ஓர் இடம், ஒரு வாசல், வருவதுதான் எழுவாய். பசி எடுக்கிறது, விக்கல் எடுக்கிறது. சளி பிடிக்கிறது, பைத்தியமும் பிடிக்கிறது. காய்ச்சல் அடிக்கிறது. சலிப்புத் தட்டுகிறது. துக்கம் தொண்டையை அடைக்கிறது. மனத்துக்கு ஒரு வினை, உடம்புக்கு ஒரு வினை என்ற பாகுபாடு இல்லை. தும்மலும் கோபமும் ஒரே வழியாக வருகின்றன, வந்ததால் போகவும் செய்கின்றன. ஆங்கிலச் சொல் வந்தாலும் பேச்சு அதையே செய்கிறது; எனக்கு டென்ஷனாகிறது என்று அதையும் ஒரு நிகழ்ச்சியாக்கிவிடுகிறது.

எழுத்துத் தமிழ்தான் இதைச் செய்ய மறுக்கிறது. மன அழுத்தத்தில் இருக்கிறான், விரக்தி நிலையில் உள்ளான், சோகத்தில் ஆழ்ந்திருக்கிறாள். 'எனக்கு' போய் 'இல்' வந்திருக்கிறது. வந்து போனவை இப்போது அறைகள்; மனிதன் உள்ளே இருக்கிறான், கதவைப் பற்றிப் பேச்சில்லை. நோயை நோய் என்று அறிந்து வைத்தியம் பார்ப்பதற்கு நான் எதிரியல்ல. நிலைத்துவிட்ட துயரங்கள் உண்டு. அவற்றுக்கு நிலைத்த பெயர்கள் வேண்டும். ஆனால் எல்லாத் துயரத்துக்கும் அந்தப் பெயர்களையே கொடுக்கும் ஒரு மொழி, வந்தது போகும் என்பதைச் சொல்லத் தெரியாத மொழியாகிவிடும்.

1959இல் 'எழுத்து' தொடங்கிய பிறகு பரவிய புதுக்கவிதையில் மிக அதிகமாகத் தேய்ந்த வார்த்தைகளை எண்ணினால் வெறுமை, தனிமை, விரக்தி, சோகம் ஆகியவை முன்னால் நிற்கும். இவை அனைத்தும் பெயர்கள். ஒன்றிலும் யாருக்கும் எதுவும் நேர்வதில்லை. யாப்பை உதறியது பெரிய காரியம் என்று நாம் பேசிக்கொண்டோம். தண்டியலங்காரம் மாட்டிய ஆபரணத்தை, அவலம் என்ற இடத்தில் வெறுமை என்று பெயர் மாற்றி, அப்படியே அணிந்துகொண்டிருப்பதை நாம் பார்க்கவில்லை. நல்ல கவிதைகளில் இது நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவற்றில் ஒரு கை எதையோ எடுத்து மறுபடி வைக்கும். யாரோ பேச வந்து பேசாமல் போவார்கள். கவிஞன் பெயர் சொல்லமாட்டான்.

ஒரு கவிதையைப் படித்து முடித்ததும் அதில் என்ன உணர்ச்சி என்று கேட்பதை விமர்சகர்கள் விட்டுவிடலாம். யாருக்கு, எங்கே, என்ன பட்டது என்று கேட்டால் போதும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத கவிதைகள் நம்மிடம் நிறைய இருக்கின்றன.